இடஞ்சுழி

மின்கட்டண பில்லின் பின்பக்கத்தில்
ஒரு வட்டம் போட்டேன்.
வட்டம் என்பது மரியாதைக்கு.
அவித்த உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது.
ஒன்பது கிலோமீட்டர்,
ஆற்றை நான்கு இடத்தில் கடக்க வேண்டும்.
கடினமில்லை, சுலபமுமில்லை என்றான்
போன மாதம் போய்வந்த லோகேஸ்,
முழங்காலில் பிளாஸ்திரியோடு.

செந்தூல் அடுக்குமாடி, பதினோராம் மாடி.
இந்த வாரமும் லிஃப்ட் ஓடவில்லை.
"பயிற்சி ஆயிற்று" என்று மூச்சு வாங்க
உள்ளே வந்தாள் புனிதவதி.
பையில் இரண்டு ஜோடி கறுப்பு ரப்பர் சப்பாத்து,
பால்மரம் வெட்டுகிறவர்கள் போடுவது,
ஜோடி பத்து வெள்ளி.
ஈரப் பாறையில் இருநூறு வெள்ளிக் காலணி வழுக்கும்,
இது வழுக்காதாம்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர்.
அட்டைக்கு உப்பு. விசில்.
பசியாற நாசி லெமாக் நான்கு பொட்டலம்
(ஆளுக்கு இரண்டு, வெட்கம் எதற்கு).

"எந்தப் பக்கமாகச் சுற்றுவது?"
கேட்டுக்கொண்டே பேனாவைப் பிடுங்கி
அவளே ஓர் அம்பு போட்டாள்.
வலஞ்சுழி.
வெள்ளிக்கிழமைக் கால்களின் பழக்கம்
கைக்கும் தொற்றியிருந்தது.

நான் சொன்னேன்:
அப்படிப் போனால் முதலில் ஏற்றம்.
ஆறு கடைசியில், மதியம் இரண்டுக்கு மேல்.
இந்தச் சித்திரை மழை மூன்று மணிக்கு வருகிறது,
வேலை விட்டு வருகிறவன் மாதிரி, தவறாமல்.
மலையில் பெய்தால்
நம் தலையில் வெயில் அடிக்கும்போதே
ஆறு எழுந்து வரும்.
கெப்பாலா ஆயர் என்பார்கள் மலாயில்.
தண்ணீருக்குத் தலை உண்டு.
முதலில் நிறம் கலங்கும், சருகு மிதந்து வரும்,
சத்தம் மாறும்,
அதற்குப் பிறகு யோசிக்க நேரமிருக்காது.
ஆகவே காலையில் ஆறு, அப்புறம் ஏற்றம்.
இடப்பக்கமாகத்தான் சுற்ற வேண்டும்.

அவள் பேசவில்லை.
தேநீரில் ஆடை படிந்தது.
பிறகு காகிதத்தைப் பார்த்தபடியே,
"இடப்பக்கமாக ஒருமுறை சுற்றியிருக்கிறேன்.
போன மாசி. செராஸ் மயானம்.
அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை.
பெரியப்பா மகன் வருகிறேன் என்றான், விமானம் தாமதம்.
பானையை நானே தோளில் வைத்தேன்.
சுற்றுக்கு ஒரு துளை போட்டார்கள்.
முதுகெல்லாம் நனைந்துவிட்டது.
அழுதேனா என்றுகூட ஞாபகமில்லை.
தண்ணீர் அவ்வளவு குளிர்ச்சி,
அது மட்டும்தான்."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது.
பாதி வழி எங்கே என்று
காகிதத்தில் குறிக்கத் தொடங்கினேன்.
மூன்றாம் கடவைக்கு அப்பால்,
சாய்ந்து கிடக்கும் மரமொன்று இருப்பதாக
லோகேஸ் சொன்ன இடம்.
அங்கே நின்றால்
திரும்பி வருவதும் தொடர்ந்து போவதும்
ஒரே தூரம்.
தூரம்தான் ஒன்று. ஆறு ஒன்றல்ல:
பின்னால் மூன்று கடவை,
முன்னால் ஒன்றே ஒன்று.

விரல் வைத்து எண்ணிப் பார்த்தாள்,
இரண்டு தடவை.
தன் அம்பை அடிக்கவில்லை.
பக்கத்திலேயே எதிர்ப்பக்கம் இன்னொன்று போட்டாள்,
சற்றுப் பெரிதாக.
"ஐந்தரைக்குக் கீழே நிற்பேன்.
நாலு மணிக்குள் நம் போன் வராவிட்டால்
பொம்பாவைக் கூப்பிடச் சொல் லோகேஸை.
தானும் வருகிறேன் என்று கிளம்பிவிடப் போகிறான்,
அந்த ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு."

புதுச் சப்பாத்தை இங்கேயே மாட்டிக்கொண்டு போனாள்.
ரப்பர் கிறீச்சிடும் சத்தம்
ஏழாம் மாடி வரைக்கும் கேட்டது.
இந்தப் படிக்கட்டு எந்தப் பக்கமாகச்
சுற்றி இறங்குகிறது என்று
இத்தனை வருஷத்தில் நான் கவனித்ததே இல்லை.

பில்லைத் திருப்பினேன்.
கட்டக் கடைசி நாள்: நாளை.