ஆயிரத்து நூற்று முப்பத்தேழாவது பிரேம்

புதுவயலில் அரைக்கிற ஆலைகளுக்கு நடுவே
எதையும் அரைக்காத ஆலை எங்களுடையது.
நெல் மூட்டை அடுக்கிய கிடங்கில்
நூற்றுப் பன்னிரண்டு கணினிகள்.
திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது,
காற்றாடிச் சத்தம் மட்டும்.
மும்முனை மின்சாரம் ஏற்கெனவே இருந்ததால்
ஹைதராபாத்காரர்கள் இடம் பிடித்தார்கள்.
பக்கத்து மில்லின் தவிடு
இன்னமும் வருகிறது, வடிகட்டிகளுக்குள்.
வாரம் ஒருமுறை ஊதி எடுப்பேன்.

இந்த மாதம் மழை வேலை.
படத்தில் ஒரு நகரம் மூழ்க வேண்டும்.
எந்த நகரம் என்று சொல்லவில்லை,
எனக்கு வருவதெல்லாம் எண்:
ஷாட் நாற்பது, பிரேம் ஆயிரத்தொன்று முதல்
ஆயிரத்து இருநூற்று நாற்பது வரை.
பத்து விநாடி வெள்ளம்.
பிரேம் ஒன்றுக்கு ஒன்பது மணி நேரம்.
ஒவ்வொரு துளிக்குள்ளும் தெருவிளக்கு
எப்படி வளைந்து தெரியும் என்று
துளித் துளியாய்க் கணக்குப் போடுகின்றன பெட்டிகள்.

வெளியே பங்குனி. கண்மாயில் ஆடு மேய்கிறது.
உள்ளே பதினெட்டு டிகிரி.
ஸ்வெட்டர் வாங்க தேவகோட்டை போனேன்.
ஊட்டிக்கா என்றார் கடைக்காரர்.
ஆமாம் என்றேன்.

மூன்று இரவாக 1137 மட்டும் தேறவில்லை.
அதில் ஒரு பெண் தலையைத் திருப்புகிறாள்,
இடுப்பளவுத் தண்ணீரில், ஈரக் கூந்தலோடு.
நாற்பத்து மூன்றாம் பெட்டி
அந்தக் கூந்தலில் சிக்கி நின்றுவிடும்.
நான்காம் இரவு எட்டு மணி பத்து நிமிடத்துக்கு
கடைசி வரிசைத் தொண்ணூற்றேழுக்கு மாற்றிவிட்டேன்,
அதற்கு நினைவு கூடுதல்.

இரண்டரைக்கு மின்சாரம் போயிற்று.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை,
பேட்டரியில் இருபது நிமிடம்.
லைன்மேன் சூசைமாணிக்கத்தை எழுப்பினேன்.
"என்ன உமையா, நெல்லா அவியுது? விடியட்டுமே."
"இல்லண்ணே, ஒரு பொண்ணு
தலையத் திருப்பிக்கிட்டு இருக்கு.
பாதியில நிக்குது."
போனில் கொஞ்ச நேரம் தவளைச் சத்தம்கூட இல்லை.
"பீஸ் போயிருக்கும். வர்றேன்."
பதினெட்டாவது நிமிடம் விளக்கு வந்தது.

ஐந்து பத்துக்கு முடிந்தது.
திறந்து பார்த்தேன், பார்க்கக் கூடாது.
இமையோரம் ஒரு சொட்டு, விழுவதற்கு முன்.
அழுகையா மழையா என்று கோப்பில் குறிப்பில்லை.

பதினொரு மணிக்கு அஞ்சல்:
ஷாட் நாற்பது வேண்டாம், படம் நீளம்.
இருநூற்று நாற்பதையும் அழித்தேன்.
அழிக்க ஏழு விநாடி.

படத்தில் பெய்யாத மழை
மின்கட்டண ரசீதில் பெய்திருக்கிறது.
மற்றபடி ஏசி சொட்டிய வாளி மூன்று,
அதை லாரிக்கார ஜப்பார்
ரேடியேட்டருக்கு ஊற்றிக்கொண்டு
தவிட்டோடு திருச்சி போய்விட்டார்.

சாயங்காலம் வரிசையில் புது வேலை: நெருப்பு.
வாளியை மறுபடி அதே இடத்தில் வைத்தேன்.