சராசரி நாலு புள்ளி இரண்டு

மன்னார்குடி பைபாஸில்
அறுத்து முடிந்த வயலில் தகரப் பந்தல்.
வேளாண் இயந்திரக் கண்காட்சி, மூன்று நாள்.
எனக்கு நாளைக்கு அறுநூறு ரூபாய், மதியச் சாப்பாடு,
கழுத்தில் அட்டை: அனுபவ மதிப்பீட்டாளர்.

வெளியேறும் வாசலில் என் மேசை.
மேலே ஐந்து முகம் கொண்ட பெட்டி:
அழுவது, சுளிப்பது, சும்மா இருப்பது,
சிரிப்பது, பல் தெரியச் சிரிப்பது.
ஒன்றை அமுக்கிவிட்டுப் போகலாம்.

தனுக்கோடி என்பவர் ஐந்தையும் அமுக்கினார்.
"எல்லாந்தானே இருந்துச்சு."
ஊர் கேட்டேன். பெருகவாழ்ந்தான்.
பட்டியலில் இல்லை. 'மற்றவை' என்று போட்டேன்.
நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா, பத்துக்கு எத்தனை?
"மச்சானுக்குன்னா எட்டு.
மேல வயக்காரனுக்குன்னா சைபர்,
எனக்கும் அவனுக்கும் மடைத் தகராறு."
இருப்பது ஒரே கட்டம்.
நாலு போட்டேன்.
எட்டிப் பார்த்தார்.
"கொள்முதல் நிலையத்துலயும் இப்படித்தான் தாயி.
காலையில ஈரம் பத்தொம்பதுன்னான்,
சாயங்காலம் அதே நெல்லு பதினேழு.
நடுவுல ஒரு டீ வாங்கிக் குடுத்தேன்."

கூரையில் கேமராக்கள்.
ஆள் நிற்க நிற்க
படத்தில் அந்த இடம் சிவக்கும்.
முதல் நாள் அதிகம் சிவந்தது
தண்ணீர் கேன்.
இரண்டாம் நாள், ஏசி ஓடிய
அறுவடை இயந்திரத்தின் கேபின்.
"கேனை ரோட்டவேட்டர் பக்கம் நகர்த்துங்க" என்றார்
கோவையிலிருந்து வந்த நிவேதன் சார்.
நகர்த்தினோம்.
ரோட்டவேட்டர் சிவந்தது.

மூன்றாம் நாள், உச்சிப் பொழுது,
நடவு இயந்திரத்தின் முன்னால் ஒரு பெண்.
தட்டில் வளர்ந்த நாற்றைத் தடவிப் பார்த்தாள்.
இரும்பு விரல்கள் கிள்ளி ஊன்றுவதை
விற்பனைப் பையன் காட்டினான்: ஒரு போக்கில் எட்டு வரிசை.
"ஒரு நாளைக்கு?"
"ஏழு ஏக்கர் அக்கா."
அவள் மாக்கணக்கு போட்டாள்.
இருபத்தொரு மா. ஒரு வேலியும், மேலே ஒரு மாவும்.
பிறகு விரல் விட ஆரம்பித்தாள்,
விரல் தீர்ந்து மறுபடி முதலிலிருந்து.
பக்கத்தில் போனபோதுதான் தெரிந்தது
எண்ணியது எண்களை அல்ல:
ராஜகிளி, மாரிக்கொழுந்து,
அமிர்தவல்லி, அமிர்தவல்லி மருமக,
கீழத்தெரு லூர்துமேரி...

பதினோரு நிமிடம் நின்றாள்.
திரையில் அந்தச் சதுரம் செக்கச் செவேல் என்று.
ஈடுபாடு: மிக அதிகம்.

வாசலுக்கு வந்தாள். பெட்டியைப் பார்த்தாள்.
"எதை அமுக்குனா வெளிய விடுவீங்க?"
எதுவானாலும், என்றேன்.
கைக்குப் பக்கத்தில் இருந்ததை அமுக்கினாள்.
அதில் பல் தெரிந்தது.

அறிக்கை தயார்.
சராசரி நாலு புள்ளி இரண்டு.
நடவு இயந்திர அரங்கு முதலிடம், பக்கம் மூன்று.
கடைசியில் 'குறிப்புகள்' என்றொரு கட்டம்,
இருநூறு எழுத்துக்குள்.
காதில் விழுந்த பெயர்களை அடித்துக்கொண்டே போனேன்,
பதினெட்டாவது பெயரின் பாதியில்
கர்சர் நின்றுவிட்டது.

நிவேதன் சார் படித்துவிட்டுக் கேட்டார்:
"யாரிவங்க?
வருகைப் பதிவுலயே இல்லையே?"