பலன்: நன்று

ஓராண்டு கழித்து வரச்சொல்லியிருந்தார்கள்.
கோத்தகிரி ஆஸ்பத்திரியில் டோக்கன் பதினேழு.
டாக்டர் என் தாடையைப் பிடித்து
இடம் திருப்பினார், வலம் திருப்பினார்,
ஒழுகுகிற குழாயைச் சோதிப்பவர் போல.
காறையெலும்பின் மேல் விரல் நீளத் தழும்பு.
அட்டையில் எழுதினார்: நன்று.

இருபத்தாறு வருடம்
வலக்காது தோளோடு பேசிக்கொண்டிருந்தது.
செக்ரோலில் மட்டும்தான் நான் பாக்கியசோதி,
மற்றபடி எல்லா வாயிலும் கோணக்கழுத்து.
தசையை அறுத்து நீட்டினார்கள்.
தலை நேரானது,
மலை சாய்ந்துவிட்டது.

யாரிடம் சொல்வது இதை?
நிரை நிரையாய்ப் போகும் தேயிலை
ஒரு பக்கமாய் வழிகிறது.
கூடைக்கயிறு தலையில் தன் பள்ளத்தைத் தேடி
இடப்பக்கம் நழுவுகிறது.
கண் இரண்டும் இன்னும் மட்டமில்லை,
அது எலும்பு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.
பகலெல்லாம் நிமிர்த்தி வைத்த தலை
தூக்கத்தில் பழைய வீட்டுக்குப் போய்விடுகிறது.
விடியலில் தோளில் காது,
காதில் என் ரத்தம் ஓடும் சத்தம்.

டோக்கன் பதினெட்டு, புஷ்பராஜ்.
கட்டபெட்டு வளைவில் கேரட் லாரி கவிழ்ந்து
முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு.
போன வருடம் பிசியோ அறையில்
நான் கழுத்தைத் திருப்ப,
அவர் மணல்மூட்டையைக் காலால் தூக்க,
யார் முதலில் முனகுவது என்று பந்தயம்.
உள்ளே கம்பி. பனி இறங்கினால்
அது முதலில் குளிர்ந்துவிடுமாம்.
முக்கால் அங்குலம் குட்டை.
அவர் அட்டையில்: சுமார்.

"எங்க லைனுக்குப் போற பாதை
மலையை ஒட்டிச் சாய்வா இருக்கும்.
போறப்ப குட்டைக்கால் மேட்டுப்பக்கம்,
நொண்டலே தெரியாது.
வர்றப்ப அதே கால் பள்ளத்துப்பக்கம்,
ரெண்டு மடங்கு நொண்டல்.
டாக்டர்கிட்ட எதைச் சொல்ல?"

சிரித்தேன். தழும்பு சுண்டி இழுத்தது.

"உங்களுக்கு?"

போன வாரம் ஆதாருக்குப் படம் மாற்றப் போனேன்.
முன்பு இதே கடையில்
மூன்று முறை எழுந்து வந்து
என் தலையை இரு கையால் நிமிர்த்தியவன்
இப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து சொல்கிறான்:
"ரொம்ப வெறப்பா இருக்கீங்கம்மா,
கொஞ்சம் சாய்ச்சுக்கங்க."

அவருக்கு மூச்சு முட்டியது.
நர்ஸ் எட்டிப் பார்த்து அதட்டினாள்.

பஸ் ஸ்டாண்டு வரை இறக்கம்.
அவர் எந்தப் பக்கம் நடந்தால் சரிவரும் என்று
இரண்டு முறை மாறிப் பார்த்தோம்.