வியர்க்கும் வரை

மாசத்தில் முதல் திங்கள், கடைசி டோக்கனும் போனபின்
ஷட்டரைப் பாதி இறக்கி
பத்துக் கிலோ சம்பா அரிசிப் பையைப்
பரிசோதனை மேசையில் கிடத்துவோம்.
பெயர் ஜோயல். வயது ஒன்று.
தடுப்பூசி போட்ட ஏழாவது நிமிடம்
உடம்பெங்கும் தடிப்பு, மூச்சு இழுக்கிறது.
‘ஓடுங்க’ என்பார் டாக்டர் ஷைனி
கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

முதல் தடவை ஓடினோம்.
அவசரப் பெட்டிக்குப் பூட்டு.
சாவி டெல்பினிடம்.
டெல்பின் மார்த்தாண்டம் பஸ்ஸில்.
அரிசி செத்துப்போனது.
நாங்கள் சிரித்தோம், டாக்டர் சிரிக்கவில்லை.
அன்று கழற்றிய பூட்டு
இன்றும் அவர் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்கிறது.

இப்போது நாற்பது நொடி.
பாயின்ட் ஒன் மில்லி, தொடையில். காலை உயர்த்து. ஆக்ஸிஜன்.
பிழைத்த ஜோயலைச் சாயங்காலம்
தரை துடைக்கும் ரோஸ்லெட் தூக்கிப்போய் உலையில் போடுவாள்.
‘நல்ல பிள்ளையாக்கும், குழையாம வேவான்.’

காற்றுக்கு மட்டும் ஒத்திகை பார்த்ததில்லை.
அது குளச்சலுக்குள் வந்த இரவு
திங்கள்சந்தை ரோடு தென்னைகளுக்கு அடியில் கிடந்தது.
டாக்டர் நாகர்கோவிலில். ஃபோனில் ஒரு கோடும் இல்லை.
விடியும்முன் இன்வெர்ட்டர் கீச்சிட்டு ஓய்ந்தது.
மருந்து ஃபிரிட்ஜின் முள் ஐந்தில் நின்றது. பிறகு ஆறில்.
எட்டைத் தாண்டிக் கிடந்தால்
நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் மருந்தை
நம்ப முடியாது.

சுவரில் ஒட்டிய தாளை டார்ச் அடித்து வாசித்தேன்.
கதவைத் திறக்காதே.
ஏழு ஆனால் அற்புதம் ஐஸ் கம்பெனி.
அங்கே எங்கள் பெயர் எழுதிய எட்டு ஐஸ் பேக்
வருஷமெல்லாம் மீன் ஐஸுக்கு நடுவே கிடக்கும்.
சபீரின் ஆட்டோ
கரையேற்றிய வள்ளங்களுக்கும் விழுந்த கம்பங்களுக்கும் இடையே
நெளிந்து நெளிந்து போனது.

ஐஸ் கம்பெனி வாசல் நிறையப் பெண்கள்.
கடல் தெரிகிற கூரை அது ஒன்றுதான் மிச்சம்.
வரவேண்டிய வள்ளங்களுக்கென்று உடைத்த ஐஸ்
ஓடையில் தண்ணீராய்ப் போய்க்கொண்டிருந்தது.

எடுத்தவுடன் பெட்டிக்குள் வைக்கக் கூடாது.
கல்லாயிருக்கும் ஐஸ்
மருந்தையும் கல்லாக்கிக் கொன்றுவிடும்.
வெளியே பரப்பி, அது வியர்க்கும் வரை,
குலுக்கினால் உள்ளே தண்ணீர் கேட்கும் வரை
இருக்க வேண்டும்.
எட்டையும் சிமென்ட் படியில் வைத்து
நானும் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஒருத்தி, மடியில் ஒன்றரை மாசக் குழந்தை.
‘இதுக்கு எதுக்காக்கும் காவலு?’
சொன்னேன்.
ஒன்றை எடுத்துக் காதோரம் குலுக்கினாள்.
‘இன்னும் இல்ல.’
கொஞ்சநேரம் கழித்து மறுபடி எடுத்தாள்.
‘இன்னும் இல்ல.’
எதைப் பார்த்துச் சொல்கிறாள் என்று
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
மூன்றாவது தடவை என் காதில் வைத்தாள்.
ஒரு மிடறுக்கும் குறைவான சலசலப்பு.

நான் திரும்பியபோது முள் ஏழரையில்.
எங்கள் ஏழரை அதோடு நின்றது.
அவர்களுடையதைச் சொல்ல
அந்தத் தாளில் வரி இல்லை.

ஒன்றரை மாச ஊசிக்கு
மூன்று மாசத்துப் பிள்ளையோடு வந்தாள்.
அட்டையில் அப்பா பெயருக்கு ஒரு கோடு உண்டு.
டெல்பின் பேனாவை அதன்மேல் நிறுத்தி
‘எடை பாத்தாச்சா?’ என்று கேட்டாள்.

அன்று காத்த குப்பிகளில் ஒன்று.
அழுகை தெரு வரை கேட்டது.
‘அரை மணி நேரம் இருந்துட்டுப் போங்க’ என்றேன்.
சொல்லும் முன்பே உட்கார்ந்திருந்தாள்,
சுவர்க் கடிகாரத்துக்கு முதுகு காட்டி.

ஏழாவது நிமிடம்
பிள்ளையின் நெஞ்சைப் பார்த்தேன்.
பெட்டியைப் பார்த்தேன். பூட்டில்லை.

இருபத்தாறாவது நிமிடம்
பிள்ளை கொட்டாவி விட்டது.