இருபத்தொரு குன்றிமணி

தராசில் வைத்தேன்.
இரண்டு புள்ளி ஐந்து ஒன்பது கிராம்.
பாண்டி பஜாரில் கேட்டால்
நல்லதாய் ஒரு ஜோடி ஜிமிக்கி வராது இந்த எடைக்கு.
பழைய கணக்கில் இருபத்தொரு குன்றிமணி.

பாயிண்ட் டூ டூ.
ஐம்பது அடுக்கிய டப்பியில் ஒன்பது குறைந்தது.
“கைதட்டின மாதிரிதான் மேடம் சத்தம் வரும்,
பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது”
என்றார் தேவசகாயம்.

கோர்ட்டிலிருந்து ஒற்றைத் தாள் வந்திருந்தது:
மேற்படி தோட்டா
முப்பது மீட்டரில் ஒரு புள்ளிமானைக்
கொல்லுமா என்பது குறித்து.

முந்தின நாளே ஜெலட்டின் காய்ச்சி ஊற்றியிருந்தோம்.
நாலு டிகிரியில் இருக்க வேண்டும் அது.
மே மாதத்துச் சென்னையில்
நாலு டிகிரி என்பது
டெண்டர் விட்டு வாங்க வேண்டிய பொருள்.
இரண்டு முறை கரண்ட் போனது.
என் தயிர்சாதத்தை வெளியே எடுத்து
கட்டிக்கு இடம் விட்டேன். மத்தியானத்துக்குள் புளித்துவிட்டது.

மாட்டுத்தோலும் எலும்பும் கொதித்து இறங்கிய கட்டி.
அதற்குள் ஒரு மானைத் தேடச் சொல்கிறது நடைமுறை.

எங்கள் சுடுகூடம் இருபத்தைந்து மீட்டர்தான்.
மீதி ஐந்துக்குக் கதவைத் திறந்து
பழைய கோப்புகள் அடைந்த அறைக்குள்
ரைஃபிளைப் பின்தள்ளினோம்.
தீர்ப்பான கொலைகளுக்கு நடுவே
குப்புறப் படுத்துச் சுட்டேன்.

முதல் குண்டு முப்பத்தொரு சென்டிமீட்டர் உள்ளே போனது.
பின்னால் விளக்கைப் பிடித்தால்
தெரிந்தது பாதை,
படிய வாரிய தலையில் எடுத்த வகிடு மாதிரி.
அடுத்ததற்கு முன்னால்
கறிக்கடையில் வாங்கிய ஆட்டுத்தோலைக் கட்டினோம். இருபத்து நாலு.
மூன்றாவதற்கு விலா எலும்பு ஒன்று.
பதினொன்றோடு நின்றுவிட்டது,
பாதை இடப்பக்கம் ஒதுங்கி,
குண்டு சப்பை மூக்கோடு.

எலும்பு தடுக்காவிட்டால் நுரையீரல்.
தடுத்தால் எங்கேயோ ஒரு மூலை.
குறைந்த தூரம், குறைந்த சத்தம், குறைந்த வேகம்.
மிச்சத்தை மான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோப்பில் ஒரு வரைபடம் இருந்தது.
குண்டு பட்ட இடம் காம்பவுண்டுச் சுவரோரம்.
விழுந்த இடம் பெண்கள் விடுதி சைக்கிள் ஷெட்.
நடுவே நானூற்றுப் பன்னிரண்டு மீட்டருக்கு
யாரோ ஒரு கான்ஸ்டபிள்
சிவப்பு மையில் புள்ளி வைத்துக்கொண்டே போயிருந்தார்.
தண்ணீர்த் தொட்டியருகே
புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்திருந்தன.
அங்கே நின்றிருக்கிறது.
எவ்வளவு நேரம் என்று புள்ளியில் தெரியாது.

என் படிவத்தில் வேகத்துக்குக் கட்டம் உண்டு,
ஆழத்துக்கு உண்டு, விட்டத்துக்கு உண்டு.
ஓரத்தில் பென்சிலால் 412 என்று எழுதினேன்.
ஜெராக்ஸில் அது விழவில்லை.

சைதாப்பேட்டையில் எட்டு வாய்தாவுக்குப் பிறகு கூண்டேறினேன்.
“அணில் விரட்டுகிற குண்டும்மா இது”
என்றார் வக்கீல் கஜபதி.
“முப்பது மீட்டரில் மானைக் கொல்லுமா, கொல்லாதா?
ஒரு வார்த்தை போதும்.”

“கொல்லும்.
உடனே கொல்லாது.”

நீதிபதி தட்டச்சரிடம் சொன்னார்: கொல்லும்.
அவள் அடித்தாள். முற்றுப்புள்ளிச் சத்தம் கேட்டது.
எதிரி எண் ஒன்று
அன்றைக்குத்தான் முதன்முதலாக
ஃபோனிலிருந்து தலையெடுத்து என்னைப் பார்த்தார்.
லினன் சட்டை. என் தம்பி வயசு.

அடையாறு பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது.
கண்டக்டர் கேட்காமலே இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.
ராஜ்பவன் தாண்டி சிக்னலில் நின்றோம்.
வேலிக்கு அப்பால் பெண்மான் ஒன்று
போஸ்டர் கிழிசலை மென்றுகொண்டிருந்தது, பசை ருசிக்கு.
ஹார்ன் சத்தத்துக்கு நிமிர்ந்து
பக்கவாட்டில் திரும்பி நின்றது.

இருபத்தெட்டு, இருபத்தொன்பது மீட்டர் இருக்கும்.

நான் கணக்குப் போடவில்லை.
கண்ணே போட்டுவிட்டது.