இணைப்பு 17

பீட்டர்ஹெட்டில் ஃபெர்கஸ்
மீன் ஆலையில் இரவு ஷிப்ட் கேட்டு வாங்கியிருக்கிறான்.
வருமான வரம்புக்கு இன்னும் கொஞ்சம் இடிக்கிறதாம்.

குட்டாய்சியில் நான்
எங்கள் அரட்டையை அச்சடிக்கிறேன்.
கடைக்காரர் பக்கம் எண்ணிக் காசு வாங்குகிறார்.
மார்ச் மாதச் சண்டையை எடுத்துவிடவா என்றேன்.
"இருக்கட்டும், நுட்சா.
பொய்க் கல்யாணத்தில்
இப்படியா திட்டுவார்கள்?"

அழைப்புப் பட்டியலில் ஒரு வரி:
ஆறு மணி பன்னிரண்டு நிமிடம்.
அவ்வளவு நேரம் என்ன பேசினீர்கள்
என்று அதிகாரி கேட்டால்?

அன்று எனக்குக் காய்ச்சல்.
தூங்கிவிட்டேன்.
அவன் வைக்கவில்லை.

நடுவில் ஒருமுறை விழித்தேன்.
அங்கே கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது.
என் மொழியில்
எண்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்,
சன்னமாக,
பதினேழில் நாக்குப் புரண்டு
மறுபடி
ஒன்றிலிருந்து.