இருந்தது

ஹான்காக் மேட்டின் பாதியில்
பிக்கப் நின்றுவிட்டது.
பனிக்கட்டி மேல் வலப்பக்கப் பின்சக்கரம்
பேய் பிடித்துச் சுழல்கிறது.
இடப்பக்கம் காய்ந்த தார்.
அங்கே அசைவே இல்லை.

ஓப்பன் டிஃபரன்ஷியலின் நியாயம் அது:
வழுக்குகிறவனுக்கே வாரிக் கொடுக்கும்.

"லிமிடெட் ஸ்லிப், சத்தியமா" என்று விற்றவன்
லைல் ருவோட்சலா.
பாரத்துக்கு நாலு மணல்மூட்டையும்
சும்மா போட்டுக் கொடுத்தான்.
அன்றிரவே போனில் அவனைத் திட்டித் தீர்த்தேன்.

சனிக்கிழமை மார்னியின் கராஜ்.
பின்பக்கம் தூக்கி, நியூட்ரலில் போட்டு
ஒரு சக்கரத்தைக் கையால் திருப்ப
மற்றது எதிர்த்திசையில் திரும்பியது.
"பாத்தியா?" என்றேன்.
அவள் டாஷ்போர்டு பெட்டிக்குள் டார்ச் அடித்து
"லேபிள்ல கோடு சரியாத்தான் இருக்கு" என்றாள்.

மூடியைக் கழற்றினாள்.
கறுத்த எண்ணெய், அழுகின மீன் வாடை.
கிளட்ச் தகடுகள்
பிடித்துப் பிடித்தே
கண்ணாடியாய் வழவழத்திருந்தன.

லைல் பொய் சொல்லவில்லை.
இருந்தது.
பிடிதான் இல்லை.

இரண்டு வாரச் சம்பளத்துக்கு வந்தது புதியது:
தகடே இல்லை, பல்லோடு பல் கவ்வும் ரகம்.
ஷிம்மை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து
டயல் முள் எட்டில் நிற்க
விடிந்துவிட்டது.

அதே மேடு. அதே பனி.
ஒரு முனகல், பிறகு ஏறியது.
உச்சியில் லைலின் வீடு.
மன்னிப்புக்கு நான் வாயெடுக்குமுன்
அவன் செருப்போடு இறங்கிப் போய்
சரிவைக் குனிந்து பார்த்தான்:
"ரெண்டு பக்கமும் கீறியிருக்கு."